ஒரே பகலில் இரண்டு பன்னிரண்டு மணி

கர்னல், டிரைவர் என்று இரண்டு வார்த்தை போனில் காதில் விழுந்ததுமே வால் கேஸைப் பாதி முடித்துவிட்டான். பட்டாளத்து ஜீப்பை எவனோ கொண்டுபோய் மரத்தில் விட்டிருக்கிறான், கர்னல் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஏற்ற மாதிரி இஸ்திரிச் சட்டையும், அண்ணனைக் கேட்காமல் எடுத்த கறுப்பு ஷூவும் போட்டுக்கொண்டு அண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினான். அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கொழுந்தன் ஒழுங்காக உடுத்துவதே விஷயம் புரியாத நாட்களில்தான். அந்த நல்லதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் துப்பறியும் அண்ணி போகிற இடமெல்லாம் பின்னாலேயே அவனும் போனதால் சொந்தக்காரர்கள் வால் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பெற்றவர்களே கடைசியில் அதற்கு மாறிவிட்டார்கள்.

போய் இறங்கிய இடத்தில் பட்டாளமும் இல்லை, ஜீப்பும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு மணி அடிக்கும் பெட்டி செய்து விற்கிற கம்பெனி அது. சுவரில் மாட்டுகிற பெட்டி. முகத்தில் சிவப்பு எண்களில் நேரம் காட்டும், நேரம் வந்தால் தானே மணி அடிக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற புரோகிராமுக்குத்தான் கர்னல் என்று பெயராம். கர்னல் நேராக யாரிடமும் பேசமாட்டார். ஒவ்வொரு சிப்பிடமும் போய்க் கேட்டு வந்து சொல்ல ஒரு தூதன் வேண்டும், அந்தத் தூதன்தான் டிரைவராம். இதை முதலாளியம்மா விளக்கிச் சொன்னபோது வால் தன் ஷூக்களை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

முதலாளியம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் கிடையாது. போன மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் புகார் வருகிறது. கடிகாரம் திடீரென்று ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. ரிப்பேர்காரர் போய்ப் பார்த்தால் ஒன்றும் அறியாத மாதிரி சரியான நேரம் காட்டுகிறது. அத்தனை பள்ளிகளையும் நடத்துகிற சங்கத்தின் செயலாளர் இன்று சாயங்காலம் வருகிறார். யார் செய்த வேலை என்று கையைக் காட்டாவிட்டால் பெட்டிகளையெல்லாம் கழற்றி எடுத்துப் போகச் சொல்லிவிடுவார்.

கையைக் காட்ட ஆளும் தயாராக இருந்தது. நேரம் சொல்லும் சிப்பின் டிரைவரை எழுதி, இத்தனை வருஷமாகப் பழுது பார்த்து வளர்த்து வருகிறவள் ஒருத்தி. ஆபீஸில் எல்லோருக்கும் கடிகாரக்கா. டிரைவரில் யார் கை வைத்தாலும் பெயரோடு பதிவாகிவிடும், மாற்றம் அன்றைக்கே எல்லாப் பெட்டிக்கும் போய்விடும். கடைசியாகக் கை வைத்ததாகப் பதிவாகியிருப்பது அவள் பெயர்தான். கேட்டால் நான் தொடவே இல்லை என்கிறாள்.

"வேணும்னே கெடுத்துட்டு இல்லேங்கிறா. ஏன் கெடுத்தான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் கொடுங்க. சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன்" என்றார் முதலாளியம்மா.

யார் என்று முடிவு செய்துவிட்டு ஏன் என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லும் கேஸ் அண்ணிக்கு இதுவே முதல் தடவை. பாதி விலையில் செய்யலாமா என்று வால் யோசித்தான்.

முதலாளியம்மாவின் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். முதலாளியம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர், வீட்டோடு மாப்பிள்ளை, கம்பெனியோடும் மாப்பிள்ளை. வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோருக்கும் மாப்பிள்ளை சார். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அவர் உள்ளே வரும்போதெல்லாம் மாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து பாதி உட்காருவார். சுத்தத்தில் அப்படி ஒரு பைத்தியம் மாப்பிள்ளைக்கு. அவர் மேஜையில் ஒரு பேனா, ஒரு கப், ஒரு தாள். வால் தன் பேனாவை மறதியாக அங்கே வைத்தபோது அவர் அதைப் பூச்சியை எடுப்பது போல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த டிரைவரைத் தானே திறந்து பார்த்ததாகச் சொன்னார். சுத்தமாக இருக்கிறதாம், தேவையில்லாத வரி ஒன்றுகூடக் கிடையாதாம். அவ்வளவு சுத்தமாக இருந்தால் எப்படிக் கெட்டுப்போனது என்று அண்ணி கேட்டதற்கு, அதுதான் அந்தம்மாவின் சாமர்த்தியம் என்றார்.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் முதலாளியம்மா. பேச்சுக்குப் பேச்சு அவர் வாயில் அதுதான் வந்துகொண்டிருந்தது.

கடிகாரக்கா வெளியே, வருகிறவர்கள் உட்காரும் சோபாவின் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். வாலைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து எழுந்து நின்றாள். ஷூ செய்த வேலை. அவன் வெட்கப்பட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

டிரைவர் என்ன செய்யும் என்று அண்ணி கேட்டதும் அவள் முகமே மாறிவிட்டது. சிலர் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அப்படி மாறுவார்கள். பெட்டிக்குள் நேரம் சொல்வதற்கென்றே தனியாக ஒரு சிப் இருக்கிறதாம். கரண்ட் போனாலும் சின்ன பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நல்ல உழைப்பாளி, ஆனால் பேச்சு குறைவு. ஒரே மூச்சில் முழு நேரத்தையும் சொல்லத் தெரியாது. மணியைக் கேட்டால் மணி, நிமிஷத்தைக் கேட்டால் நிமிஷம், நொடியைக் கேட்டால் நொடி. டிரைவர் அதன் வாயைக் கிண்டிக் கிண்டிக் கேட்டுக்கொண்டு வந்து கர்னலிடம் சொல்லும். பெட்டி தினமும் எழும்போது ஒரு தடவை கேட்கும். பிறகு ஒவ்வொரு மணியும் அடித்த கையோடு, நம் நேரம் சரிதானா என்று ஒரு தடவை கேட்டு, தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரு தடவை கேட்டால் அடுத்த அரை நிமிஷத்துக்கு மறுபடி தொந்தரவு செய்யாது.

"என்ன கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டாள் அண்ணி.

"திறந்து பார்த்தா சொல்லிடுவேன். முதல் காரியமா என் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப கேட்டா, தடயத்தை அழிக்கப் பார்க்கிறேன்னு சொல்றாங்க."

அவள் மகள் அந்தப் பள்ளிகளில் ஒன்றில்தான் படிக்கிறாள். கடிகாரம் பின்னால் போய்ச் சாப்பாட்டு இடைவேளை இரண்டு தடவை வந்த அன்று, உங்கம்மா பெட்டியால்தான் என்று வகுப்பே மகளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியதாம். வீட்டுக்கு வந்து குதித்துக்கொண்டு சொன்னாளாம். நாளைக்கு அதே வகுப்பு, உங்கம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாமே என்று கேட்கும். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், வேணும்னு கெடுத்தவள் என்று பேர் வந்தால் இனி எவன் என்னை நம்பி ஒரு கடிகாரத்தைக் கொடுப்பான் என்று அவள் கேட்டபோது வாலுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

முதலில் சோதனை அறை. பெட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன, எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டின. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண், இங்கே ஒரு நாள்கூடக் கடிகாரம் தப்பியதில்லை என்று சத்தியம் செய்தாள். இத்தனை மணிப் பெட்டிகள் இருந்தும் சத்தமே காணோமே என்றான் வால். பக்கத்து அறைக்காரர்கள் தலைவலி என்று சண்டைக்கு வந்ததால், எல்லாப் பெட்டியிலும் மணி அடிப்பதை நிறுத்திவைத்து வெகு நாளாகிறதாம்.

"அப்ப மணி அடிச்ச கையோட சிப்பைக் கேட்கிற வேலையும் இங்கே நடக்கறதில்லை" என்றாள் அண்ணி.

"நாக்கைக் கழற்றி ஆணியில மாட்டிட்டு ருசி பார்க்கிறாங்க அண்ணி" என்றான் வால். நல்ல வேளை, ஜோக் சொல்லும் அவன் நாக்கு திரும்பி வந்துவிட்டது.

முதல் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அவர்களைப் பார்த்ததுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பகல் பன்னிரண்டுக்கு நீளமாக ஒரு மணி, அது சாப்பாட்டுக்கு. ஒரு மணிக்குச் சின்னதாக ஒன்று, அது வகுப்புக்குத் திரும்ப. அன்றைக்குச் சின்ன மணி அடித்தது, பிள்ளைகள் எழுந்தார்கள், உடனே பெட்டி பன்னிரண்டு என்று காட்டி நீளமாக இன்னொரு மணி அடித்தது. பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பணிக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பள்ளியில் மணிச் சத்தத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்துப் பார்த்ததில்லை. போகச் சொன்னால், மணி சொல்லிவிட்டது சார் என்கிறார்கள். டிபன் பெட்டி காலியானவர்கள் காலியாகாதவர்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த மணி அடித்ததும் கடிகாரம் தானாகச் சரியான நேரத்துக்குத் தாவிவிட்டது. நடுவில் போன பீரியடைக் கணக்கு வாத்தியார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பெட்டிக்குக் காவல் பியூன். பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லையா என்று அண்ணி விசாரித்தாள். அவர் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டிச் சலித்துக்கொண்டார். 'பொத்தானை அழுத்தவும்' என்று போட்டிருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்காது, இரண்டாவது தடவை அழுத்தினால்தான் நடக்கும். பழைய அட்டையில் அந்த வரி இரண்டு தடவை ஒழுங்காக இருந்ததாம். போன மாதம் கம்பெனியிலிருந்து புது அட்டை கொடுத்தார்கள், அதில் ஒரு வரியைக் காணோம். அண்ணி அந்த அட்டையின் முன்னால் வெகு நேரம் நின்றாள். அட்டையில் இருப்பதோ ஒரே வரி. அதைப் படிக்க இவ்வளவு நேரமா என்று வால் கேட்டான். காணாமல் போன வரியையும் சேர்த்துப் படிக்கிறேன் என்றாள்.

இரண்டாவது பள்ளிக்கூடம் புகாரே கொடுக்காதது. அதனாலேயே அண்ணிக்கு அது வேண்டியிருந்தது. தலைமையாசிரியை மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். பஸ் வரும் நேரத்தை உத்தேசித்து அங்கே எல்லா மணியும் பத்து நிமிஷம் தள்ளித்தான். கடிகாரம் பின்னால் போனதா என்று கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை என்று அடித்துச் சொன்னார். மாறாக, கம்பெனிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாராம். கொஞ்ச நாளாக, சில வேளை மணி அடித்து ஒரு நிமிஷம் கழித்து அதே மணி மறுபடி அடிக்கிறது. தாமதமாக வருகிற பிள்ளைகளுக்கென்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள், அந்தப் புண்ணியவான் யார் என்று கேட்டார்.

வால் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவன் காலை மிதித்தாள். அண்ணனின் ஷூ என்பதால் வலிக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் நின்று அண்ணி யோசித்தாள். ஒரு பள்ளியில் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. இன்னொரு பள்ளியில் ஒரே ஒரு நிமிஷம். ஒரே பெட்டி, ஒரே டிரைவர், இரண்டு விதமான திருட்டு. வால் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தான். சாப்பிட நேரமாகிவிட்டதா என்ற சந்தேகம் அண்ணிக்கு வந்திருக்க வேண்டும், தாழ்வாரக் கோடியில் தொங்கும் பெட்டியைப் பார்த்து மணி சொல்லச் சொன்னாள்.

வால் நிமிர்ந்து முதல் எண்ணைப் பார்த்தான், பன்னிரண்டு. அதற்குள் பன்னுக்குள்ளிருந்த வெண்ணெய் நழுவி இஸ்திரிச் சட்டையைக் குறிவைத்தது. குனிந்து அதைப் பிடித்தான். மறுபடி நிமிர்ந்து மிச்ச எண்களைப் பார்த்தான், இரண்டு பூஜ்ஜியம்.

"சரியா பன்னிரண்டு மணி அண்ணி" என்றான்.

அண்ணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மணி. பெட்டியைப் பார்த்தாள். அதிலும் ஒரு மணிதான். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மணியை எப்போது பார்த்தாய், நிமிஷத்தை எப்போது பார்த்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மணியை வெண்ணெய்க்கு முன்னால், நிமிஷத்தை வெண்ணெய்க்குப் பின்னால் என்று வால் வாக்குமூலம் கொடுத்தான். அண்ணி அவனை வாஞ்சையோடு பார்த்தாள். அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீ பண்ணின முட்டாள்தனத்தைத்தான்டா அந்த டிரைவரும் பண்ணுது."

பன்னிரண்டு ஐம்பத்தொன்பது முடிந்து ஒரு மணி பிறக்கிற அந்த ஒரு கண் இமைப்பில் டிரைவர் போய்ச் சிப்பைக் கேட்கிறது. மணி என்ன? பன்னிரண்டு. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உள்ளே எண்கள் புரண்டுவிடுகின்றன. நிமிஷம் என்ன? பூஜ்ஜியம். இரண்டு பதிலும் சத்தியம், ஒன்றாகச் சேர்த்தால் பொய். கர்னல் அதை நம்பிப் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பிப் போகிறார். மணி அடித்த கையோடு கேட்பதால் எப்போதும் எண்கள் புரளும் வேளையில்தான் கேட்கிறது, அதனால்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. சரியாக முழு மணிக்கு அடிக்கிற பள்ளியில் ஒரு மணி நேரம் போகிறது. பத்து நிமிஷம் தள்ளி அடிக்கிற பள்ளியில் புரள்வது நிமிஷம் மட்டும், அதனால் ஒரு நிமிஷம் போகிறது. அடுத்த தடவை ஒழுங்காகக் கேட்டதும் தானாகச் சரியாகிவிடுகிறது. ரிப்பேர்காரர் வரும்போது பிடிபடாததும் அதனால்தான்.

வால் பன்னை மரியாதையோடு பார்த்தான். பிறகு அவனுக்கு ஒன்று உறைத்தது. "அண்ணி, அந்த டிரைவரை எழுதினதே கடிகாரக்காதானே?"

"அதான்டா எனக்கும் உறுத்துது" என்று சொல்லிவிட்டு அண்ணி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

திரும்பி வந்தபோது முதலாளியம்மா போனைக் கையில் எடுத்துவைத்திருந்தார். செயலாளர் வந்துகொண்டிருக்கிறாராம். ஏன் என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டார். அதைச் சொல்ல அந்தம்மாவும் உள்ளே வரவேண்டும் என்றாள் அண்ணி. மாப்பிள்ளை வேண்டாம் என்று தலையசைத்தார். அண்ணி அதைக் கவனிக்காதவள் போல், கதவைத் திறந்து தானே கூப்பிட்டாள்.

கடிகாரக்கா நின்றபடியே கேட்டாள். பாதி கேட்பதற்குள்ளேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். சிப்பின் இந்தக் குணம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். அதற்காகத்தான் ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, உடனே இன்னொரு தடவை அதே மாதிரி படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் கர்னலிடம் போய்ச் சொல்லும்படி எழுதியிருந்தாள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்கும்.

"அப்படின்னா திறந்து காட்டுங்க" என்றாள் அண்ணி.

மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் டிரைவரைத் திறந்தார். கடிகாரக்கா குனிந்து பார்த்தாள். படிக்கச் சொல்லும் வரி ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டாவதைக் காணோம். ஒத்துப்பார்க்கும் வரி மட்டும் அநாதையாக நின்று, படித்த ஒன்றையே அந்த ஒன்றோடு ஒப்பிட்டு, ரொம்பச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பதிவைத் தட்டினார். இரண்டாவது வரியை நீக்கியது யார் என்று எல்லோர் கண்ணிலும் படும்படி வந்தது. கடிகாரக்காவின் பெயர்.

"எதை எடுத்தா கெட்டுப்போகும்னு இவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதையே பார்த்து எடுத்திருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கணக்குக்கு விடை வந்த திருப்திதான் இருந்தது.

கடிகாரக்கா தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வால் கணக்குப் போட்டுப் பார்த்தான். காலையிலிருந்து ஓடி ஓடித் தேடி, கடைசியில் அந்தம்மாவின் கழுத்துக்கே கயிறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். முதலாளியம்மா போனில் எண்களை அழுத்த ஆரம்பித்தார்.

அப்போது அண்ணி அவரிடம் ஒரு சின்ன உதவி கேட்டாள். போலீஸுக்குச் சொல்லும் முன்னால் அவர் தன் பெயரில், தன் கம்ப்யூட்டரில், இந்த டிரைவர் இருக்கும் இடத்திலேயே புதிதாக ஒன்று திறந்து ஒரு வரி எழுத வேண்டும். எழுதி, அதற்குக் கீழே அதே வரியை இன்னொரு தடவை எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று முதலாளியம்மா எரிச்சலோடு கேட்டார். உங்களுக்கு எது பழக்கமோ அதை எழுதுங்கள் என்றாள் அண்ணி.

முதலாளியம்மா யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். 'மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.' கீழே மறுபடி, 'மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.' மாப்பிள்ளை அடக்கமாகப் புன்னகைத்தார். சேமித்தாயிற்று. எல்லோருக்கும் காபி கொண்டுவரச் சொல்லலாமே என்றாள் அண்ணி. காபி வந்தது. குடித்தார்கள். கடிகாரக்கா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள்.

கோப்பையை வைத்த பிறகு அண்ணி அதைத் திறந்து பார்க்கச் சொன்னாள். முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு வரிதான் இருந்தது. பதிவைத் தட்டச் சொன்னாள். இரண்டாவது வரியை நீக்கியது முதலாளியம்மாவே என்று பதிவு சொன்னது.

"நான் அழிக்கலையே. இங்கதானே காபி குடிச்சிட்டிருந்தேன்."

"அதையேதாம்மா இவங்களும் சொன்னாங்க" என்றாள் அண்ணி.

மாப்பிள்ளையின் முகத்தில்தான் முதலில் நிறம் மாறியது. அண்ணி அவரைப் பார்த்து, பள்ளிக்கூட அட்டையில் ஒரு வரி போனதைப் பற்றிச் சொன்னாள். ஒரே விஷயம் இரண்டு தடவை இருந்தால் பொறுக்க முடியாத ஆள் இந்தக் கம்பெனியில் யார் என்று வெளியே யாரையும் கேட்க வேண்டிய அவசியம் தனக்கு இருக்கவில்லை என்றும் சொன்னாள்.

மாப்பிள்ளை திக்கித் திணறிச் சொல்லிவிட்டார். போன மாதம் அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். துடைப்பம் என்று செல்லப் பெயர். கம்பெனியில் எல்லோரும் எழுதும் எல்லாவற்றையும் அது அடிக்கொரு தடவை பெருக்கும். அடுத்தடுத்து ஒரே மாதிரி இரண்டு வரி கிடைத்தால் ஒன்றைத் தள்ளிவிடும். தள்ளிவிட்டு, அது யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே பதிவும் போட்டுவிடும். சுத்தம் செய்த நல்ல பெயர் அவரவருக்கே போகட்டும் என்று நினைத்தாராம். கடிகாரக்காவின் பெயரைப் பதிவில் பார்த்தபோது அவரும் அதை நிஜமென்றே நம்பினார். தான் விட்ட துடைப்பம் தன்னையே ஏமாற்றும் என்று அவர் கண்டாரா?

"ஊர் வீட்டைப் பெருக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பேரை எழுதி வச்சிருக்கார்" என்று வால் அண்ணியின் காதில் முணுமுணுத்தான். எல்லோருக்கும் கேட்டது.

முதலாளியம்மா போனைக் கீழே வைத்தார். முதல் தடவையாக மாப்பிள்ளையைப் பார்த்தும் நாற்காலியிலிருந்து பாதி எழவில்லை. அந்தத் துடைப்பத்தை இப்போதே நிறுத்தச் சொன்னார். செயலாளர் வந்ததும் நடந்ததை மாப்பிள்ளையே நேரில் சொல்ல வேண்டும் என்றார். மகளிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்தது.

பிறகு முதலாளியம்மா கடிகாரக்காவின் பக்கம் திரும்பினார். கழற்றி வாங்கிய அடையாள அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார். அந்த அம்மாளின் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை அது. தரையைப் பார்த்துக்கொண்டு, பாதி தொண்டையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நினைச்சுட்டேன்மா. மன்னிச்சுக்கோ."

கடிகாரக்கா அட்டையைத் தொடவில்லை. காலையிலிருந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள், போகிறவர் வருகிறவர் பார்வையெல்லாம் பட்டுக்கொண்டிருந்தவள், இப்போது நேராக நிமிர்ந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ஒரு தடவை கேட்டதை வச்சு எதையும் நம்பறது எனக்குப் பழக்கமில்லைம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க. கதவு திறந்திருக்கட்டும்."

யாரும் சொல்லாமலே வால் போய்க் கதவைத் திறந்தான். வெளியே கூடம் முழுக்க மேஜைகள், மேஜைக்கு ஒரு தலை, எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. முதலாளியம்மா எழுந்தார். பாதி எழுந்து பாதி உட்காரவில்லை, முழுசாக எழுந்து நின்றார். கூடத்தின் கடைசி மேஜைக்குக் கேட்கும்படி, அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார்.

இரண்டும் ஒத்துப்போயின. கடிகாரக்கா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, காணாமல் போன வரியை எழுத ஆரம்பித்தாள்.